தேடற்பொறிகளின் போட்டியும் பழிப்பு விளம்பரமும்

எமது கல்லூரி விவாத மேடையில் ஏறிப் பேசியோர் யாவரும் அறிந்த உண்மையொன்றுண்டு. எதிர்க்கட்சியாரின் கூற்றுத் தவறெனக் காட்டுவது ஒன்று. தம் கட்சியை நிலைநாட்டுவது வேறொன்று. முன்னையதை மட்டுஞ் செய்துவிட்டு இறங்குவோருக்குக் கைதட்டல் கிடைத்தல் கூடும். வெற்றி கிடைப்பது அரிது. தருக்க நூலார் இதனை நன்குணர்ந்து, சொற்போரை வாதம், சல்பம், விதண்டை என மூவகைப்படுத்தினர். உண்மை காணும் நோக்குடன் இருதிறத்தாரும் கூடி ஆராய்வது வாதம். எவ்வாற்றானும் வெல்லக் கருதிப் பேசுவது சல்பம். தன் கொள்கையை நிறுவாது, பிறர் கொள்கையை மறுத்தல் ஒன்றையே தொழிலாகக் கொள்வது விதண்டை. இம்மூன்றும் ஏட்டோடு நின்றுவிடவில்லை. இக்காலத்துப் பெருவணிக நிறுவனங்களின் விளம்பரங்களிலும் இவற்றைக் காணலாம். தேடற்பொறிகளின் போட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தேடற்பொறியாவது, இணையத்திற் பரந்து கிடக்கும் பக்கங்களை ஓயாது திரட்டிச் சொல்லடைவு செய்து வைத்துக்கொண்டு, நாம் வினவுஞ் சொற்களுக்கு ஏற்றவற்றைத் தகுதி நோக்கி வரிசைப்படுத்தித் தருவது. இதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. விளம்பரஞ் செய்வோரே கொடுக்கின்றனர். ஆகவே எமது கவனமே அங்கு விலைப்பொருள். கூகிள் 1998 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பிங் 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்வந்தது முன்னதை எட்டிப் பிடிக்க முயன்றமையே நாம் கூறப்போகும் பூசலுக்கு மூலமாயிற்று.

முதலிற் கல்லெறிந்தது கூகிள். பிங் தன் விடைகளைப் பார்த்தெழுதுகின்றது என 2011 பெப்ரவரியில் அது குற்றஞ்சாட்டியது. அதற்குச் சான்று தேடிய முறை வியத்தற்குரியது. பொருளற்ற எழுத்துக் கோவைகள் ஏறக்குறைய நூறு படைத்து, ஒவ்வொன்றுக்கும் தொடர்பற்ற ஒரு பக்கத்தைக் கூகிள் பொறியியலாளர் விடையாக இணைத்து வைத்தனர். பின்னர் மைக்ரோசொப்டின் உலாவியையும் பிங்கின் கருவிப்பட்டையையும் கொண்டு அவற்றைத் தேடினர். சில வாரங்களில், பத்துக்குங் குறைவான சொற்களுக்கு அதே விடைகள் பிங்கிலுந் தோன்றின. தம் சேவையைப் பயன்படுத்த இசைந்தோர் எப்பக்கங்களைத் தெரிவுசெய்கின்றனர் என்பதைப் பல குறிப்புகளுள் ஒன்றாக மாத்திரமே கொள்வதாக மைக்ரோசொப்ட் மறுமொழி கூறிற்று. குற்றச்சாட்டு முழுதும் உண்மையோ அன்றோ, அதனுடன் சோதனை ஒன்றும் முன்வைக்கப்பட்டமையை நாம் மறத்தலாகாது.

அடுத்து மைக்ரோசொப்டின் முறை வந்தது. அமெரிக்க அரசியற் தேர்தல்களில் ஆலோசகராகப் பணிபுரிந்த மார்க் பென் என்பார் 2012 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திற் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் 'பிங் இட் ஒன்' என்னும் ஒப்பீட்டு இயக்கம் தொடங்கிற்று. பெயரை மறைத்து விடைகளை அருகருகே வைத்தால், ஏறக்குறைய இருவருக்கு ஒருவர் என்னும் அளவில் மக்கள் பிங்கையே விரும்புகின்றனர் என்பது அதன் கூற்று. யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் இக்கூற்றை ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொண்டு சோதித்து, 53 வீதத்தினர் கூகிளையும் 41 வீதத்தினர் பிங்கையும் தெரிந்ததாக 2013 இல் வெளியிட்டார். பிங் தானே முன்மொழிந்த சொற்களைத் தேடியவரிடத்து இரண்டும் ஏறக்குறையச் சமநிலையில் நின்றன; தாமே தெரிந்த சொற்களைத் தேடியவரிடத்துக் கூகிள் முந்திற்று. மைக்ரோசொப்ட் இவ்வாய்வின் முறையை மறுத்துரைத்தது. எனினும், வினாவை யார் தெரிகின்றாரோ அவரே விடையையும் ஒருவாறு தெரிகின்றார் என்னும் பாடம் இதிற் புலனாகின்றது.

2012 நவம்பரில் 'ஸ்குரூகிள்ட்' இயக்கம் எழுந்தது. ஏய்க்கப்பட்டதைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லொன்றையும் கூகிளின் பெயரையும் கூட்டிச் சமைத்த சொல் இது. கூகிளால் ஏய்க்கப்பட்டீர் என்பது கருத்து. கூகிளின் பொருட்கடைப் பகுதியில் முன்னர் வணிகர் இலவசமாக இடம்பெற்றனர். 2012 இல், பணம் கொடுப்போர்க்கே அங்கு இடம் என்றாயிற்று. 2004 ஆம் ஆண்டிற் கூகிளைத் தோற்றுவித்தோர் முதலீட்டாளர்க்கு எழுதிய மடலில், தேடல் விடைகளிற் சேர்ப்பதற்குப் பணம் பெறுவதில்லை எனக் கூறியிருந்தனர். ஆதலின் இக்குற்றச்சாட்டு வெறுங் கற்பனையன்று. 2013 பெப்ரவரியில் இயக்கம் மின்னஞ்சல் மீது திரும்பிற்று. விளம்பரத்தைப் பொருத்துவதற்காகக் கூகிளின் பொறிகள் மடல்களின் சொற்களை ஆராய்கின்றன என்றது. அதுவும் உண்மையே. அவ்வாண்டு நவம்பரிலோ, கூகிளை எள்ளி நகையாடும் வாசகம் பொறித்த கோப்பைகளும் சட்டைகளும் விற்பனைக்கு வந்தன! வாதமாகத் தொடங்கியது சல்பமாகி, ஈற்றில் விதண்டையாய் முடிந்தது என்றே நாம் கொள்கின்றோம்.

விளைவு யாது? அமெரிக்க மேசைக்கணினித் தேடல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன்போலவே கூகிளிடம் நின்றது. பழிப்பு மொழி மக்களை இடம்பெயர்க்கவில்லை. அன்றியும் பழித்தவர் மீதே அளவுகோல் திரும்பிற்று. தன் மென்பொருள் இரகசியங்களைக் கசியவிட்டவரைக் கண்டறிய, 2012 இல் மைக்ரோசொப்ட் ஒரு வலைப்பதிவரின் ஹொட்மெயில் அஞ்சற்பெட்டியைத் தானே திறந்து பார்த்தது என்பது 2014 மார்ச்சில் நீதிமன்ற ஆவணங்களால் வெளியாயிற்று. பிறர் மடலைப் பொறி வாசிக்கின்றது என ஊரறிய முழங்கியவர், மனிதரைக் கொண்டு மடலை வாசித்தமை கண்டு பலரும் கேள்வி எழுப்பினர். இத்தகைய வேளைகளில் இனிக் காவற்றுறையினரையே நாடுவோம் என்று அந்நிறுவனம் சில நாட்களுக்குள் விதியை மாற்றிற்று. ஸ்குரூகிள்ட் இயக்கமும் அவ்வாண்டளவில் ஓய்ந்தது.

பிறர் குறையை எடுத்துரைத்தலே கூடாதோ எனின், அற்றன்று. 2011 இல் சிறு நிறுவனமாகிய டக்டக்கோ, கூகிள் உம்மைப் பின்தொடர்கின்றது, நாம் தொடர்வதில்லை என்னும் பொருள்பட சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு விளம்பரப் பலகை நாட்டிற்று. பிறர் குறையோடு தன் கொள்கையையும் அது ஒருங்கே நிறுத்தியது. ஆயினும், அதன் உலாவி மைக்ரோசொப்டின் பின்தொடர் நிரல்கள் சிலவற்றைத் தடுக்கவில்லை என 2022 இல் ஒரு ஆய்வாளர் கண்டுரைத்தபோது, அதுவுந் தன் வழியைத் திருத்தவேண்டியதாயிற்று. தான் நாட்டிய அளவுகோலுக்குத் தானும் உட்படவேண்டும் என்பதே நியதி.

இனி, அக்குற்றச்சாட்டுகள் யாதாயின? மடல்களை ஆராய்ந்து விளம்பரம் பொருத்துவதைக் கைவிடுவதாகக் கூகிள் 2017 இல் அறிவித்தது. அவ்வாண்டே, தன் பொருள் ஒப்பீட்டுச் சேவையை முன்னிறுத்திப் பிறரைப் பின்தள்ளியமைக்காக ஐரோப்பிய ஆணைக்குழு அதன்மீது 242 கோடி யூரோ அபராதம் விதித்தது; 2024 இல் ஐரோப்பிய உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2024 ஆகஸ்டில், தேடற் சந்தையில் ஏகபோகத்தைச் சட்டத்துக்கு மாறாகக் கூகிள் காத்துவந்தது என அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தானே முதலிற் தோன்றும் பொருட்டு, 2021 இல் மாத்திரம் 2,630 கோடி டொலரை அது பிறருக்குக் கொடுத்தமை அவ்வழக்கில் வெளிப்பட்டது. கூகிளின் தரம் உயர்ந்தது என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நிறைகுறை இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தவாறு இது. கோப்பையிற் பொறித்த கேலி ஆண்டுகள் பலவாயினும் காட்டாத உண்மையை ஆவணமுஞ் சாட்சியமும் காட்டின.

மற்றொன்றும் நோக்குக. 2023 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் பிங்கில் உரையாடும் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தது. அதே வாரத்திற் கூகிளும் தனது உரையாடற் பொறியை அறிவித்தது. சந்தைப் பங்கு அதனாற் பெரிதும் மாறவில்லை. ஆயினும், பழித்தபோது அசையாத போட்டியாளர், புதியது படைத்தபோது விரைந்தெழுந்தமை தெளிவு.

மாணவ நண்பர்களே, போட்டியாளர் ஒருவர் மற்றவரைக் குறைகூறக் கேட்கும்போதெல்லாம் மூன்று வினாக்களை எழுப்புக. கூறப்பட்ட குறைக்குச் சான்று உண்டா? கூறியவர் அதே அளவுகோலில் நிற்பாரா? நாம் நம்பினால் ஊதியம் யாருக்கு? இவற்றுள் ஒன்றன் விடை மற்றொன்றன் விடையாகாது. தன்னலத்தாற் கூறியமையின் குற்றச்சாட்டுப் பொய்யாகிவிடாது. குற்றச்சாட்டு மெய்யாதலின் கூறியவர் நல்லவராகிவிடார். இவ்விரண்டையும் பிரித்தறிய வல்லாரை எந்த விளம்பரமும் எளிதில் ஏய்த்தல் இயலாது. கல்லூரி எமக்கு அளித்த கல்வியின் பயன்களுள் இதுவும் ஒன்றெனக் கொள்வோமாக.