சுருளில் எழுத்து: 41 வரி 12 வரி ஆன விதம்

கொசுவத்திச் சுருளை எல்லாரும் பார்த்திருப்பீங்க. நடுவில் ஆரம்பித்து வெளியே வெளியே சுத்திக்கிட்டுப் போகும். அதே மாதிரி கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகளைச் சுத்திச் சுத்தி எழுத ஒரு புரோகிராம் உண்டு. வளைவா வராது, சதுரமா வரும். அது ஷெல் ஸ்கிரிப்ட் என்ற வகையைச் சேர்ந்தது. ஷெல் என்றால் ஓடு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. நாம் பயன்படுத்தும் ஷெல்லின் பெயர் பாஷ். பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதி 1989-இல் வெளிவந்தது. ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட்.

கணக்கு சார் கொடுத்த தாளில் இந்த ஸ்கிரிப்ட் 41 வரி. நமக்கு ஓடுகிற கம்ப்யூட்டர் 2 தான். பீரியடு 40 நிமிஷம். ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க எழுத்தைத் தேடித் தேடித் தட்டி 15-ஆவது வரிக்கு வரும்போதே பெல் அடிச்சிடுது. சுருளை அவங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவங்களும் பார்க்கணும் என்றால் வரிகளைக் குறைக்கணும். அதனால் நானும் என் தோழியும் கட்டம் போட்ட கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

நீங்களும் நோட்டை எடுங்க. நடுக்கட்டத்தில் 1 போடுங்க. வலப்பக்கம் ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம், இடப்பக்கம் 2, மேலே 2, மறுபடி வலப்பக்கம் 3, கீழே 3. இப்படியே போகணும். பழைய தாளில் வலம், கீழ், இடம், மேல் என்று நாலு திசைக்கும் தனித்தனியா எழுதியிருந்தது. நாலும் ஏறக்குறைய ஒரே வரிகள்தான்! பாதிக்கு மேல் இடத்தை அதுவே அடைச்சிருந்தது.

திசையை இரண்டு எண்ணாகச் சொல்லலாம். முதல் எண் பக்கவாட்டில் எவ்வளவு, இரண்டாவது எண் கீழே எவ்வளவு. வலம் என்றால் 1, 0. கீழ் என்றால் 0, 1. இடம் என்றால் −1, 0. மேல் என்றால் 0, −1. இதை உற்றுப் பாருங்க. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு எண்ணும் இடம் மாறுது, முன்னால் வருகிற எண்ணுக்கு மட்டும் குறி மாறுது. நாலு திசைக்கும் இந்த ஒரே விதி போதும். இடம் மாத்தும்போது ஒரு எண்ணை மூணாவது பெயரில் எடுத்து வைக்கணும். ஒரு டம்ளர் பாலையும் ஒரு டம்ளர் டீயையும் மாத்தி ஊத்த மூணாவது டம்ளர் வேணும் இல்லையா, அது மாதிரி.

அடுத்தது நீளம். 1, 1, 2, 2, 3, 3. இதுக்குப் பழைய தாளில் 5 வரி. ஷெல் வகுத்தல் கணக்கில் மீதியை விட்டுவிடும். 2-ஐ 2-ஆல் வகுத்தால் 1. 3-ஐ வகுத்தாலும் 1. 4-க்கும் 5-க்கும் 2. ஆகவே ஒரு எண்ணை 2-இல் ஆரம்பித்து, திரும்பும்போதெல்லாம் 1 கூட்டினால் அதில் பாதிதான் நீளம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

எழுத்தைப் பிரிப்பதில்தான் வேடிக்கை. தமிழ் என்ற சொல்லில் நமக்கு 3 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணும். எண்ணி எண்ணி வெட்டினால் இகரக் குறி ஒரு கட்டத்தில், ம இன்னொரு கட்டத்தில் போய் நிற்கும். ஆங்கிலத்துக்கு எழுதிய தாள் நமக்குச் சரிப்படாததற்கு இதுதான் காரணம். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுத் தட்டினால் ஷெல் தானே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். வெட்டுகிற வரிகளும் மிச்சம்.

இப்போ மொத்த வேலை இவ்வளவுதான்: திரையைத் துடை. நடு இடம், திசை, நீள எண் 2, நடந்த கணக்கு 0 என்று வை. ஒரு எழுத்தை எடு, அந்த இடத்துக்குப் போ, எழுது. திசைப்படி ஒரு அடி நகரு, நடந்த கணக்கில் 1 கூட்டு. நீளம் முடிந்தால் திரும்பு, நீள எண்ணில் 1 கூட்டு, நடந்த கணக்கை 0 ஆக்கு. எழுத்து தீரும்வரை இதையே செய். கடைசி வரி, குறியைத் திரையின் அடிக்குக் கொண்டுபோக. அது இல்லாவிட்டால் கல்யாண போட்டோவில் யாரோ தலையை நீட்டுற மாதிரி, கடைசி எழுத்துப் பக்கத்தில் வேறு எழுத்து வந்து நிற்கும். பக்கவாட்டு அடி மட்டும் 4 இடம் தள்ளி இருக்கணும், ஏன்னா திரையில் ஒரு கட்டம் அகலத்தைவிட உயரம் அதிகம், நம்ம எழுத்தும் அகலம்.

80 இடம் அகலமும் 24 வரி உயரமும் உள்ள திரையில் 19-க்கு 19, அதாவது 361 எழுத்து கொள்ளும். நம் 247 எழுத்தும் 17-க்கு 17 கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

எழுத்துக்குப் பதில் எண்களைப் போட்டால் 1, 9, 25, 49 எல்லாம் நடுவிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரே சாய்கோட்டில் வரும். போட்டுப் பாருங்க. ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர் 1963-இல் ஒரு கூட்டத்தில் போரடித்து, இப்படி எண்களைச் சுருளாக எழுதிப் பகா எண்களை வட்டம் போட்டார். அவை பல சாய்கோடுகளில் கூட்டம் கூட்டமாக நின்றன. உலாம் சுருள் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

12 வரியும் ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் அறைக் கதவில் ஒட்டியிருக்கு. ஏழாம் வகுப்பில் 2 பேர் 20 நிமிஷத்தில் தட்டி முடிச்சாச்சு.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஒரே ஒரு கழித்தல் குறியை இடம் மாத்தினால் சுருள் எதிர்ப்பக்கமா சுத்தும். எந்தக் குறி? எங்கே வைக்கணும்? விடையைத் துண்டுத் தாளில் வகுப்பு, பெயரோடு எழுதி, வர்ற வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்க.