பாதத்திற்கு ஒரு துணை

அசாம் ஜாவா வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. குலை வெட்டுவோரும் உதிரிப் பழம் பொறுக்குவோரும் மேடு பள்ளமான நிலத்தில் மணிக்கணக்கில் நடந்தே வேலை செய்கின்றனர். அவர்களுக்குப் பாதமே மூலதனம். பாதம் வலித்தால் அன்றைய வருமானமும் பாதிக்கப்படும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைத் தசைகளும் தசைநார்களும் வில்போல் வளைத்துப் பிடித்திருக்கின்றன. இவ்வளைவு உடல் எடையைத் தாங்கி, அதிர்வைக் குறைக்கிறது. சிலருக்கு நிற்கும்போது இவ்வளைவு தாழ்ந்து, பாதம் உட்புறமாகச் சாய்ந்துவிடும். இதனைத் தட்டைப் பாதம் என்பர். ஈரக் காலைச் சிமெண்டுத் தரையில் பதித்துப் பார்த்தால், உள்ளங்கால் முழுவதும் பதிந்திருக்கும். சிறு குழந்தைகளிடம் இஃது இயல்பே. பெரும்பாலோர்க்கு வளர வளர வளைவு உருவாகிவிடும். வலி இல்லையெனில் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை; வலி தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

இத்தகைய வலிக்கு இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் துணைகளுள் ஒன்று, இழுபடும் தன்மையுள்ள ஒட்டுநாடா. 1970களில் ஜப்பானியரான கென்சோ காசே இதனை உருவாக்கினார். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டியில், கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெர்ரி வால்ஷ் தோளில் இதனை ஒட்டி விளையாடியதால், உலகெங்கும் இது பலரின் கவனத்தை ஈர்த்தது. பருத்தித் துணியாலான இந்நாடாவில் பொதுவாக மருந்து எதுவும் இராது.

முதலில் பாதத்தைக் கழுவி, ஈரமின்றித் துடைக்க வேண்டும். நாடாவின் முனைகளை வட்டமாக வெட்டினால் அவை எளிதில் உரியா. பிறகு, பாதத்தின் வெளிவிளிம்பில் தொடங்கி, உள்ளங்காலின் குறுக்கே கொண்டுசென்று, வளைவைத் தூக்கிப் பிடிக்குமாறு இழுத்து, உட்கணுக்காலுக்கு மேலே ஒட்டுவர். முனைகளை மட்டும் இழுக்காமல் ஒட்டுவர். இல்லையேல் தோல் புண்ணாகலாம். ஒரு முறை ஒட்டினால் சில நாள்கள் தாங்கும். அரிப்போ தடிப்போ தோன்றினால் உடனே அகற்ற வேண்டும்.

இந்நாடாவைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலருக்குச் சிறிது காலம் வலி குறைகிறது. இருப்பினும், நாடா பாத வளைவை நிரந்தரமாக மாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனவே, வலி குறைந்திருக்கும் நாள்களில் பாதத் தசைகளை வலுப்படுத்த வேண்டும். தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுப்பதும், குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவதும் எளிய பயிற்சிகள். தேய்ந்துபோன காலணியையும் மாற்றிவிட வேண்டும்.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள், தோல் புண்ணாவதை உணரமாட்டார்கள். அத்தகையோர் மருத்துவரின் ஆலோசனையின்றி நாடாவை ஒட்டிக்கொள்ளக் கூடாது.

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும்’ என்பது பழமொழி. வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குச் செல்லும் பெற்றோரை, அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமையாகும்.