ஆளுமைச் சோதனையும் படிப்புத் தேர்வும்: டெல்டா மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆளுமைச் சோதனை என்பது ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் விடைகளைக் கொண்டு அவருடைய இயல்பை அளக்க முயலும் வினாத்தாள். 'புதியவர்களிடம் தயங்காமல் பேசுவேன்', 'எடுத்த வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொட மாட்டேன்' என்பன போன்ற வாக்கியங்கள் அதில் வரிசையாக இருக்கும். 'முற்றிலும் பொருந்தும்' முதல் 'சிறிதும் பொருந்தாது' வரை ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், அமெரிக்கப் படைவீரர்களுக்காக உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் உருவாக்கிய வினாத்தாள் இதற்கு முன்னோடி. இன்று கைப்பேசி வழியாகக் காவிரி டெல்டாவின் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, சீர்காழி மாணவர்களும் பத்து நிமிடத்தில் இப்படி ஒரு சோதனையை எழுதிவிட முடிகிறது.

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரி சேர்க்கை முடியும் வரையிலான சில வாரங்களில்தான் இச்சோதனைகளுக்குத் தேவை கூடுகிறது. நீட், கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.காம்., நர்சிங், அரசுத் தேர்வு என்ற வழிகள் எல்லா வீட்டிலும் தெரிந்தவையே. தெருவில் எல்லோரும் சேர்ந்ததால் ஒன்றைத் தேர்ந்தவர்களும், அப்பா சொன்னதால் ஒன்றைத் தேர்ந்தவர்களும் இரண்டாம் ஆண்டில் அரியர் தாள்களோடு திகைத்து நிற்பதை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். இப்போது மூன்றாவதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது: 'என் டைப்புக்கு இதுதான் பொருந்தும் என்று டெஸ்டில் வந்தது.' இந்தக் காரணம் முந்தைய இரண்டைவிட அறிவியல்பூர்வமாகத் தோன்றுவதால், அதைச் சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் எதிர்கொள்ளும் சோதனைகள் நான்கு வகை: மனிதர்களை வகைகளாகப் பிரிப்பவை, பண்புகளை அளவாகக் காட்டுபவை, ஆர்வத்தை அறிபவை, திறனை அளப்பவை. நான்கும் வெவ்வேறு கேள்விக்கு விடை தருபவை.

நான்கெழுத்து வகைச் சோதனை

இவற்றில் மிகப் புகழ்பெற்றது எம்.பி.டி.ஐ. எனப்படும் மையர்ஸ்-பிரிக்ஸ் வகைகாட்டி. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' நூலை அடிப்படையாகக் கொண்டு, கேதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். இருவருமே உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அகமுகமா புறமுகமா, புலனறிவா உள்ளுணர்வா, சிந்தனையா உணர்ச்சியா, திட்டமா நெகிழ்ச்சியா என்ற நான்கு இரட்டைகளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்தால் 16 வகைகள் கிடைக்கும். ஐ.என்.டி.ஜே., இ.என்.எஃப்.பி. என்று மாணவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இதைக் கொண்டுதான். கொரியப் பாட்டுக் குழுவினர் தங்கள் நான்கெழுத்தை வெளியிட, அவர்களின் ரசிகர்களிடமும் அந்த மோகம் பரவியது. மூல வினாத்தாள் கட்டணத்துக்குரியது. இலவசமாக இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அதன் சாயல்கள்.

இச்சோதனையின் முதல் குறை அதன் வெட்டுக்கோட்டில் இருக்கிறது. புறமுகத்தை அறிய இருபது கேள்விகள் இருப்பதாகக் கொள்வோம். பதினொன்றுக்குப் புறமுக விடை தந்தவர் புறமுகர், ஒன்பதுக்குத் தந்தவர் அகமுகர். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டே கேள்விகள். ஆனால் பதினொன்று பெற்றவரும் இருபது பெற்றவரும் ஒரே எழுத்துக்குள் அடைக்கப்படுகிறார்கள். பெரும்பாலான மனிதர்களின் இயல்பு நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கும் என்பதால், இந்தக் கோடு சரியாக மக்கள் கூட்டத்தின் நடுவில் விழுகிறது. முழு அகமுகர், முழு புறமுகர் என்று எவரும் இல்லை என்பது யுங்கின் கருத்தும்கூட.

இரண்டாவது குறை முதலாவதிலிருந்தே பிறக்கிறது. நடுவில் நிற்பவரின் எழுத்து அடுத்த முறை எளிதில் மாறிவிடும். ஒவ்வோர் எழுத்தும் மாறாமலிருக்க நூற்றுக்கு 85 வாய்ப்பு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், நான்கும் சேர்ந்து மாறாமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 52தான். சில வாரம் கழித்து அதே சோதனையை மீண்டும் எழுதியவர்களில் கணிசமானோருக்கு வேறு வகை வந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மே மாதத்தில் ஒன்றும் ஜூலையில் வேறொன்றும் சொல்லக்கூடிய ஒரு கருவியை நம்பி நான்காண்டுப் படிப்பைத் தீர்மானிப்பது சரியாகாது.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. இந்த வகைக்கு இந்தத் தொழில் என்று காட்டும் பட்டியலுக்குப் போதிய சான்று இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு அமைத்த வல்லுநர் குழு 1991இல் இதைப் பரிசீலித்து, தொழில் வழிகாட்டலில் எம்.பி.டி.ஐ.யைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்கு நல்ல ஆய்வுகள் இல்லை என்று முடிவு சொன்னது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதை வெளியிடும் நிறுவனமே கூறுகிறது.

பிறகு ஏன் படிப்பவர் ஒவ்வொருவருக்கும் 'என்னை அப்படியே சொல்கிறதே' என்று தோன்றுகிறது? அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பின்னர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதுபோல ஒரு குறிப்பைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு. அதன் வாக்கியங்களைக் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்திருந்தார். பாராட்டும் பொதுமையும் கலந்த வாக்கியம் எவருக்கும் பொருந்தும். 'நீங்கள் தொலைநோக்கு உள்ளவர், ஆனால் பிறர் உங்களைப் புரிந்துகொள்வதில்லை' என்று சொன்னால் மறுக்கும் பதினேழு வயதுக்காரர் உண்டா?

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. 'நான் அகமுகி, ஆசிரியர் வேலை எனக்கு ஒத்துவராது' என்று ஒரு மாணவி ஒதுங்கிவிட்டால், வகுப்பில் நின்று பேசிப் பழகும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போகிறது. அமைதியான இயல்பு உடைய நல்லாசிரியர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முயன்று பார்க்குமுன்பே கதவை மூடச் செய்யும் எந்த எழுத்தும் மாணவருக்கு உதவாது. நண்பர்களோடு பேசிச் சிரிக்க இச்சோதனை போதும். விண்ணப்பம் நிரப்ப அதை எடுக்கவே கூடாது.

விரல்ரேகையைக் கொண்டு மூளைத்திறனையும் தொழிலையும் சொல்வதாக விற்கப்படும் சோதனையையும் இங்கேயே விலக்கிவிடலாம். விரல்ரேகை கருவில் ஐந்தாம் மாதத்துக்குள் உருப்பெற்றுவிடுவது. அதற்கும் படிப்புக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ரேகையைக் கொண்டு ஏடு தேடும் நாடி சோதிடம் டெல்டாவுக்குப் பழக்கமானது. அது நம்பிக்கை என்ற பெயரிலேயே நடக்கிறது. விரல்ரேகைச் சோதனையோ அறிவியல் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் பெறுகிறது.

ஐம்பண்புச் சோதனை

உளவியல் ஆய்வாளர்கள் இன்று பெரிதும் ஏற்பது ஐம்பண்பு அளவை. புதியனவற்றை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத் தன்மை, இணக்கம், மனக்கலக்கம் என்ற ஐந்தையும் இது அளக்கிறது. யாரையும் வகைக்குள் அடைக்காமல், ஒவ்வொரு பண்பும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிறது. உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் தொடங்கிய பொதுப் பயன்பாட்டு வினாத் தொகுப்பு இதற்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய எண் பொறுப்புணர்வு. உளவியலாளர்கள் பாரிக், மவுண்ட் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து 1991இல் வெளியிட்ட கட்டுரை, ஆராய்ந்த எல்லாத் தொழில் பிரிவுகளிலும் வேலைத் திறனோடு சீராகத் தொடர்புடைய பண்பு இதுவே என்று காட்டியது. எந்தப் படிப்பைத் தேர்ந்தாலும் இது உதவும். எந்தப் படிப்பைத் தேர்வது என்பதை மட்டும் இது சொல்லாது. வயது ஏற ஏறப் பொறுப்புணர்வும் இணக்கமும் பொதுவாகக் கூடும். ஆகவே பதினேழு வயதில் குறைந்த எண் வந்தால் கலங்க வேண்டியதில்லை.

ஆர்வச் சோதனை

படிப்புத் தேர்வுக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மனிதர்களின் ஆர்வமும் தொழில்களின் சூழலும் ஆறு முகங்களாகப் பிரிகின்றன. ஒருவருக்கு ஒரு முகம் மட்டும் அமைவதில்லை. மேலோங்கிய இரண்டு மூன்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறை இந்த அடிப்படையில் ஓர் ஆர்வ வினாத்தாளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

ஆறு முகங்களையும் டெல்டாவுக்குள்ளேயே பார்க்கலாம். கையும் கருவியும் விரும்புபவருக்கு அறுவடை இயந்திரப் பழுதுபார்ப்பு முதல் பாசனப் பொறியியல் வரை வேலை உண்டு. ஏன், எப்படி என்று துருவுபவருக்கு 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும், உணவுப் பதப்படுத்தலுக்கான தஞ்சாவூர் தேசிய நிறுவனமும் எடுத்துக்காட்டு. கலை நாடுபவருக்குத் தஞ்சாவூர் ஓவியமும் சுவாமிமலை ஐம்பொன் வார்ப்பும் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. பிறருக்கு உதவுவதில் நிறைவு காண்பவருக்குப் பள்ளியும் மருத்துவமனையும் ஏற்றவை. பேசி இணங்கவைத்துத் தொழில் நடத்துபவருக்கு அரிசி ஆலையும் நெல் வணிகமும் ஏற்றவை. கணக்கும் ஒழுங்கும் பிடித்தவருக்குக் கூட்டுறவுச் சங்கம், கொள்முதல் நிலையம், வங்கி ஆகியவை பொருந்தும். நெல்லையும் நீரையும் சார்ந்த படிப்புகள் இந்த ஆறில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இடம் தருகின்றன. டெல்டாப் பிள்ளைகளே அவற்றைக் கடைசி விருப்பமாக எழுதுவது வருத்தத்துக்குரியது.

திறன் சோதனை

ஆர்வம் இருந்தும் திறன் இல்லாமற் போகலாம். திறன் இருந்தும் அதை ஒருவர் அறியாமலிருக்கலாம். நாட்டமறித் தேர்வு எனப்படும் திறன் சோதனையில் விடை சரியா தவறா என்று பார்க்கப்படுவதால், நினைத்தபடி தன்னைக் காட்டிக்கொள்ள முடியாது. என்.சி.இ.ஆர்.டி.யும் சி.பி.எஸ்.இ.யும் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 2019இல் அறிமுகப்படுத்திய 'தமன்னா' மொழி, எண், இடவுணர்வு, எந்திரவியல் தர்க்கம் முதலிய ஏழு திறன்களை அளக்கிறது. அதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை.

எழுதும் முறை

சோதனையைத் தனியாக எழுத வேண்டும். அருகில் அப்பாவோ அண்ணனோ இருந்தால் விடைகள் அவர்கள் விருப்பப்படியே அமையும். 'எப்படி இருக்க ஆசை' என்பதை விட்டு, கடந்த ஓராண்டில் எப்படி நடந்தோம் என்பதை எண்ணிக் குறிக்க வேண்டும். இவ்வினாத்தாள்கள் பெரும்பாலும் மேலைநாட்டு வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டவை. 'விருந்துகளில் பலரோடு பேசுவீர்களா' என்ற கேள்விக்குக் கல்யாண வீட்டையும் ஊர்த் திருவிழாவையும் நினைத்துக்கொண்டு விடையளிக்கலாம். தமிழில் கிடைத்தால் தமிழிலேயே எழுதுவது நல்லது. ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதி, இரண்டு முறையும் மாறாமல் நின்றதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். தன்னை நன்கு அறிந்த ஆசிரியர் ஒருவரையும் தன்னைப் பற்றி அதே கேள்விகளுக்கு விடையளிக்கச் சொன்னால், தனக்குத் தெரியாத பலவும் தெரியவரும். அரசுப் பள்ளி மாணவர்கள் 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டலையும் கேட்டுப் பெறலாம்.

இவற்றுக்குப் பிறகும் ஒரு படி எஞ்சியிருக்கிறது. மேலோங்கி வந்த இரண்டு துறைகளில் வேலை செய்பவர்களோடு விடுமுறையில் சில நாட்களாவது இருந்து பார்க்க வேண்டும். ஒருவரைத் தெரிந்து தெளிவதற்குத் திருவள்ளுவரும் அவரவர் செயலையே உரைகல்லாகக் காட்டினார்.

பொறுமை

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் மருத்துவர் ஒருவரின் மகன். அவரும் மருத்துவராக வேண்டும் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. 1943இன் வங்கப் பஞ்சம் அவர் மனத்தைத் திருப்பியது; விலங்கியல் பட்டம் பெற்ற பின்னரும் கோவை வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் ஒரு பட்டம் படித்தார். இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகியும் அதில் சேராமல் மரபியல் ஆய்வுக்காக நெதர்லாந்து சென்றார். நாட்டின் தேவையைக் கண்ணால் கண்டு தெளிந்த ஒரு நாட்டமும் அதற்காகக் காத்திருக்கும் பொறுமையும் அவரை நடத்தின. 1987இல் முதலாவது உலக உணவுப் பரிசு அவருக்கே கிடைத்தது.

நெல் ரகங்களிலும் ஏ.டி.டி. 43 ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும், சி.ஆர். 1009 அதற்கு மேலும் ஐம்பது நாள் கேட்கும். இரண்டில் எதையும் விவசாயி குறைசொல்வதில்லை. வயலையும் தண்ணீரையும் பார்த்து விதைக்கிறார். பிள்ளைகளின் திறனும் அப்படியே வெவ்வேறு காலத்தில் விளைகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நாட்காட்டியை வைத்து அதை அளக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: விண்ணப்பம் நிரப்பும் நாளில் சோதனை முடிவைக் கையில் எடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே ஆர்வச் சோதனையும் திறன் சோதனையும் எழுத வையுங்கள், இரண்டு ஆண்டு கவனியுங்கள், பிறகு பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு முடிவெடுங்கள்.