கள்ளி விதைக்கு வெளிச்சம் வேணும், வெயில் ஆகாது



நாற்றங்கால் நடத்தும் குழுக்கள் அழகுக் கள்ளிச் செடிகளையும் விதை போட்டு வளர்க்கலாம். ஆனால் அவரை விதை மாதிரி குழி தோண்டிப் புதைத்தால் முளைக்காது. விதை கெட்டுப்போச்சுன்னு நினைப்போம். உண்மையில் அதற்கு வெளிச்சம் கிடைத்திருக்காது.

வெளிச்சம் ஏன்?
பெரும்பாலான கள்ளி விதைகள் கடுகைவிடச் சிறியவை. உள்ளே சேமித்த உணவு ரொம்பக் குறைவு. ஆழத்தில் முளைத்தால் மேலே வருவதற்குள் செத்துவிடும். அதனால் வெளிச்சம் பட்டால்தான் அவை முளைக்கும். மண்ணின் மேலே தூவினால் போதும், மூடக் கூடாது.

சூடு எவ்வளவு?
20 முதல் 30 டிகிரி வரை நல்லது. 40 டிகிரியைத் தொட்டால் முளைப்பு வெகுவாகக் குறையும். ஆகவே சித்திரை, வைகாசியில் விதைக்க வேண்டாம். பாலிதீன் மூடிய தட்டை நேர் வெயிலில் வைத்தால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். நிழல்வலைக்குக் கீழேயோ, வெளிச்சமான திண்ணையிலோ வையுங்கள்.

செய்து பாருங்கள்
டிராகன் பழமும் கள்ளி இனம்தான். ஒரு பழம் வாங்கினால் போதும்.

1. விதையைச் சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சதை இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.
2. அடியில் ஓட்டை போட்ட இரண்டு டம்ளரில், சலித்த மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பி நனையுங்கள்.
3. ஒவ்வொன்றிலும் 50 விதை தூவுங்கள்.
4. ஒன்றைக் கண்ணாடி போன்ற பாலிதீனாலும், மற்றதைத் துளி வெளிச்சமும் புகாத கறுப்பு பாலிதீனாலும் மூடி, ஒரே நிழலில் வையுங்கள்.
5. கறுப்பு டம்ளரை இடையில் திறக்காதீர்கள். சிறிது வெளிச்சம் பட்டாலும் கணக்கு மாறிவிடும்.

15 நாள் கழித்து இரண்டையும் எண்ணுங்கள். வெளிச்சத்தில் 40 முளைத்திருந்தால் 80 சதவீதம். கறுப்பு டம்ளரில் முளைக்காத விதையை வீசாதீர்கள். வெளிச்சத்தில் வைத்தால் அதுவும் பெரும்பாலும் முளைக்கும்.

முளைத்தபின் காற்றோட்டம் கொடுங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகும்.

ஒரு எச்சரிக்கை: விதையில் வந்த டிராகன் கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். பழத்துக்கு என்றால் தண்டு வெட்டித்தான் நட வேண்டும்.

குழுவில் பேசுங்கள்: நம் ஊரில் எந்த மாதங்களில் விதைக்கலாம்? வெளிச்சமும் நிழலும் சேர்ந்த இடம் யார் வீட்டில் இருக்கிறது? கடன் வாங்கி விலை கூடிய விதை வாங்கும் முன், இந்த இரண்டு டம்ளர் சோதனையைச் செய்து கை பழகிக்கொள்ளலாமே!