கடைத் தளத்துக்கு இலவசச் சான்றிதழ் போதுமா?

கேள்வி: சுங்குடிச் சேலைகளைச் சொந்த இணையதளம் வைத்து விற்கிறோம். போன தீபாவளிக்கு முந்தைய வாரம், தளத்தைத் திறந்தாலே பாதுகாப்பு எச்சரிக்கை வர ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் பயந்துபோய்த் திரும்பிவிட்டார்கள். விசாரித்தால், எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்றார்கள். இப்போது ஹோஸ்டிங் நிறுவனம், "இலவசச் சான்றிதழ் கடைகளுக்குச் சரிப்படாது, மூன்று வருஷத்துக்குப் பிரீமியம் வாங்கிவிடுங்கள்" என்கிறது. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகனோ, "இலவசமே போதும் அத்தை" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: உங்கள் அண்ணன் மகன் சொல்வதுதான் சரி. ஆனால் அவன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இலவசமோ விலை கொடுத்ததோ, சான்றிதழை நேரத்துக்குப் புதுப்பிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். தீபாவளி வியாபாரத்தைக் கெடுத்தது அந்த ஏற்பாடு இல்லாததுதான். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழும் தேதி முடிந்தால் அதே எச்சரிக்கையைத்தான் காட்டும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் ஆகிய செல்போன் சேவைகள் முடங்கிப் கோடிக்கணக்கானோர் அவதிப்பட்டார்கள். எரிக்சன் தந்த மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதே காரணம்.

சான்றிதழ் செய்யும் வேலை இரண்டு. வாடிக்கையாளரின் போனுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே போகும் பெயர், முகவரி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் இடையில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி குறியாக்கம் செய்ய வழிவகுக்கிறது. அடுத்து, போன் பேசிக்கொண்டிருப்பது உண்மையிலேயே உங்கள் டொமைனுக்குரிய சர்வரோடுதான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்கிறது. பழக்கத்தில் எஸ்எஸ்எல் என்கிறோம். இன்று ஓடுவது அதன் வாரிசான டிஎல்எஸ். அதன் 1.3 பதிப்பு 2018இல் வந்தது.

குறியாக்கம் எவ்வளவு வலுவானது என்பதை உங்கள் சர்வரின் அமைப்பும் வாடிக்கையாளரின் பிரவுசரும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சான்றிதழுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. 'பிரீமியம் என்றால் கூடுதல் பாதுகாப்பு' என்று யாராவது விற்றால், எந்த விதத்தில் கூடுதல் என்று கேளுங்கள்.

விலை வித்தியாசம் எங்கே வருகிறது? சோதிக்கும் முறையில். சான்றிதழ்களில் மூன்று தரம் உண்டு. டிவி என்பது, டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தருவது. ஓவி என்பது, நிறுவனத்தின் பதிவு ஆவணங்களையும் பார்த்துத் தருவது. இவி என்பது, அதைவிடக் கறாராக விசாரித்துத் தருவது. ஒரு காலத்தில் இவி வாங்கினால் முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயர் பச்சையில் தெரியும். 2019இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அதை எடுத்துவிட்டன. இன்று நீங்கள் இவி வாங்கினாலும், சேலை வாங்க வருபவரின் கண்ணுக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. ஒப்பந்தத்திலோ டெண்டரிலோ ஓவி, இவி வேண்டும் என்று எழுதிக் கேட்கும் இடங்களில் வாங்கத்தான் வேண்டும். உங்கள் கடைக்கு டிவி போதும்.

அதை இலவசமாகத் தருவதில் முதன்மையானது லெட்ஸ் என்கிரிப்ட். ஐஎஸ்ஆர்ஜி என்ற லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவது. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. எல்லா முக்கியப் பிரவுசர்களும் இதை ஏற்கின்றன. ஆரம்பம் முதலே இதன் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள் என்று வைத்தார்கள். கையால் புதுப்பிப்பது சலித்துப்போய், எல்லோரும் தானியங்கி முறைக்கு வரவேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இனி எல்லோருக்கும் அதே வழிதான். சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் கூடி விதி வகுக்கும் சிஏ/பிரவுசர் ஃபோரம், 2025 ஏப்ரலில் ஒரு முடிவெடுத்தது. அதுவரை 398 நாளாக இருந்த உச்ச ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் எனக் குறைகிறது. சான்றிதழுக்குரிய ரகசியக் கீ திருடு போனாலோ டொமைன் கைமாறினாலோ பழைய சான்றிதழ் நெடுநாள் செல்லுபடியாகக் கூடாது என்பதே நோக்கம். ஆக, மூன்று வருஷச் சான்றிதழ் என்று ஒன்று கிடையவே கிடையாது. உங்களிடம் விற்கப் பார்ப்பது மூன்று வருஷச் சந்தா. அதற்குள் சான்றிதழைப் பலமுறை மாற்றியே ஆக வேண்டும். யார் மாற்றுவார்கள் என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

தானாகப் புதுப்பித்தல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே தடைபடும் என்பதும் புரிந்துவிடும். சர்வரில் செர்ட்பாட் போன்ற ஒரு சிறு மென்பொருளோ, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனலில் இருக்கும் ஆட்டோ எஸ்எஸ்எல் வசதியோ இந்த வேலையைப் பார்க்கும். அது சான்றிதழ் கேட்டதும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு குறியீட்டைக் கொடுத்து, 'இதை உன் தளத்தில் இன்ன இடத்தில் வை' என்று சொல்லும். பிறகு வெளியிலிருந்து உங்கள் டொமைனுக்கு வந்து, அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், டொமைன் உங்கள் கையில்தான் என்று தெரிந்து சான்றிதழ் கிடைக்கும். 90 நாள் சான்றிதழ் என்றால் 30 நாள் மீதி இருக்கும்போதே இது நடந்துவிடும்.

தடைபடும் இடங்களில் மூன்று அடிக்கடி வருபவை. பாதுகாப்புக்காக என்று நினைத்து சர்வரின் 80ஆம் போர்ட்டை மூடிவிடுகிறார்கள்; சோதிக்க வருவது அந்த வாசல் வழியாகத்தான். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டு, பழைய சர்வரில் புதுப்பித்தலை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதுதான் ஆளைக் குழப்புவது. புதுச் சான்றிதழ் சர்வரின் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் வெப் சர்வரை ரீலோட் செய்யாததால் அது நினைவில் வைத்திருக்கும் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். கோப்பைப் பார்த்தவர் 'எல்லாம் சரியாக இருக்கிறதே' என்பார். வாடிக்கையாளரோ எச்சரிக்கையைப் பார்ப்பார்.

சான்றிதழைப் போடும்போதும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்ட பெயர், போடாத பெயர் இரண்டும் அதில் இருக்க வேண்டும். உங்கள் சான்றிதழையும் பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழையும் இணைக்கும் இடைச் சான்றிதழையும் சர்வர் சேர்த்து அனுப்ப வேண்டும். அது விடுபட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் தளம் நன்றாகத் திறக்கும். சில போன்களில் திறக்காது. பணம் வந்துவிட்டது என்று பேமெண்ட் கேட்வே அனுப்பும் தகவலும் உங்கள் சர்வருக்குள் நுழையாமல் போகலாம். பக்கத்தில் உள்ள சேலைப் படங்கள் பழைய எச்டிடிபி முகவரியிலிருந்து வருகின்றனவா என்று பார்த்து, எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். ரகசியக் கீ உங்கள் சர்வரிலேயே உருவாகி அங்கேயே இருக்கட்டும். அதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைக்கு நல்ல பூட்டு போட்டிருப்பதால் உள்ளே இருக்கும் சரக்கு நல்லது என்று ஆகிவிடாது. மோசடிக்காரர்களும் சான்றிதழ் வாங்குகிறார்கள். முகவரிப் பட்டையில் தெரிந்த பூட்டுச் சின்னத்தைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள் என்பதால்தான் குரோம் 2023இல் அதை எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. வழியில் போகும் தகவலைத்தான் சான்றிதழ் காக்கும். சர்வரில் சேர்த்து வைத்திருக்கும் வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது தனி வேலை. மென்பொருளை அப்டேட் செய்வது, வலுவான பாஸ்வேர்டு, பேக்கப் எல்லாம் அதற்கு வேண்டும். நம்பிக்கை வளர வேண்டுமானால் கடை முகவரி, போன் எண், ஜிஎஸ்டி எண், திருப்பி அனுப்பும் விதிமுறை ஆகியவற்றைத் தளத்தில் கண்ணில் படும்படி போடுங்கள்.

பிரீமியத்துக்கு எடுத்து வைத்த பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, இந்த வாரமே மூன்று வேலையை முடியுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இலவசச் சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதைத் தரும் வேறு ஹோஸ்டிங்குக்கு மாறுவது நல்லது. குவாலிஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்எல் லேப்ஸ் என்ற இலவசச் சோதனையில் உங்கள் டொமைனைக் கொடுத்துப் பாருங்கள். இடைச் சான்றிதழ் விடுபட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். காலாவதி நெருங்குகிறது என்று மெயில் அனுப்புவதை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதனால் மாதம் ஒருமுறை பிரவுசரில் சான்றிதழைத் திறந்து, முடியும் தேதியைப் பார்க்கும் பொறுப்பை உங்கள் அண்ணன் மகனிடமே கொடுங்கள். 90 நாள் சான்றிதழில் 20 நாளுக்கும் குறைவாக மீதி இருந்தால், புதுப்பித்தல் எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போதே ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டால், தளம் முடங்குவதற்குள் சரிசெய்யப் போதிய நாள் கையில் இருக்கும்.