ஊருக்குள் உலக வரலாறு

திருமலைராயன்பட்டினம்



நவீன உலக வரலாற்றுப் பாடத்தில் மாணவரை மிரட்டுபவை ஆண்டுகள். வெளிநாட்டில் நடந்த ஒன்றுக்குச் சொந்த ஊரில் ஒரு பிடி கிடைத்துவிட்டால் அந்த ஆண்டு மறக்காது. திருமலைராயன்பட்டினம் அடங்கிய காரைக்கால் பகுதியில் அத்தகைய பிடிகள் ஏராளம்.

1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஏழாண்டுப் போரின் நடுவே, 1760இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். 1763 பாரிஸ் உடன்படிக்கை திருப்பித் தந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் இறங்கிய 1778இல் மீண்டும் பறிபோனது. 1783 வெர்சாய் உடன்படிக்கை மீட்டுக் கொடுத்தது. புரட்சிப் பிரான்சுடன் பிரிட்டன் மோதத் தொடங்கிய 1793இல் மூன்றாம் முறை போனது, நெப்போலியன் வீழ்ந்த பின் 1817இல்தான் திரும்பியது.

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. காரைக்கால் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேறினர்.

பாடநூலில் 1871இன் பாரிஸ் கம்யூன் வரும். அதே சொல்தான் ஊரில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர்ப்பலகையில் இருக்கிறது. பிரெஞ்சில் அதற்கு உள்ளாட்சி அலகு என்று பொருள். 1880ஆம் ஆண்டு ஆணை பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்களை ஏற்படுத்தியபோது, திருமலைராயன்பட்டினம் 'கிராந்த் அல்தே', அதாவது பெரிய ஊர் என்று ஏட்டில் ஏறியது.

குடியேற்ற ஆட்சி முடிந்த கதையும் இங்கே உண்டு. 1954 மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அக்டோபர் 18 அன்று புதுச்சேரி அருகே கீழூரில் கூடிய பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்ததும் அதே நாளில்தான். 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம், அல்ஜீரியா விடுதலை பெறும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

எனவே படிக்கும் முறை எளிது. குறிப்பேட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் உலகம், வலப்பக்கம் காரைக்கால். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்கமும் நிரம்ப வேண்டும்.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆகஸ்ட் 16 புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் இன்றும் அரசு விடுமுறை. காரைக்காலின் எல்லையான வாஞ்சூரைத் தாண்டி, தமிழ்நாட்டு நாகூரில் அது வேலைநாள்.


வரலாற்று ஆசிரியர்