பழைய அரங்கும் புதிய அரங்கும்

மக்கள் பலர் ஓரிடத்தே கூடிப் பல்லாண்டுகள் பழகுவாராயின், அவ்விடம் வெறுங் கல்லும் மண்ணுமாக நின்றுவிடுவதில்லை. அவர்தம் நினைவுகளுக்கு உறைவிடமாகியும் விடுகின்றது. தந்தையின் கைப்பற்றி மைந்தன் சென்ற இடம், பின்னர் அம்மைந்தன் தன் மகனை அழைத்துச் செல்லும் இடமாகின்றது. ஆதலால், பழைய கட்டடத்தை நீக்கிப் புதியதொன்றை எழுப்ப முற்படும்போதெல்லாம் மக்களிடையே ஒரு வழக்கு எழுவது இயல்பு. "பழையதே போதும்" என்பர் ஒரு சாரார். "புதியதே வேண்டும்" என்பர் மற்றொரு சாரார். இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து அன்பர்களிடையே இத்தகைய வழக்கொன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. தாம் கண்டு வளர்ந்த பழைய விளையாட்டரங்குகள் சிறந்தனவா, அவற்றிற்கு ஈடாக எழுந்துள்ள புதிய அரங்குகள் சிறந்தனவா என்பதே அவ்வழக்கு. இரு திறத்தார் கூற்றையும் நடுநிலை பிறழாது ஆராய்ந்து காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆலைகளும் சுரங்கங்களும் கப்பல் துறைகளும் பெருகின. வாரம் முழுவதும் உழைத்த தொழிலாளர்க்குச் சனிக்கிழமை பிற்பகலில் ஓய்வு கிடைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அவ்வோய்வு நேரத்தில் அவர்கள் திரள் திரளாகச் சென்று கண்டு மகிழ்ந்த ஆட்டம் கால்பந்து. ஊர்தோறும் ஆட்டக் கழகங்கள் தோன்றின. தொழிலாளர் வாழ்ந்த தெருக்களின் நடுவே, வரிசை வீடுகளுக்கு அருகிலேயே, அவற்றிற்கு அரங்குகள் எழுந்தன. ஆட்டம் காண்பதற்கு ஒருவன் வண்டியேற வேண்டியதில்லை. தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சில தெருக்கள் நடந்தால் போதும்.

அவ்வரங்குகளுள் பலவற்றை வகுத்தமைத்தவர் ஆர்ச்சிபால்டு லீட்ச் என்னும் பொறியாளர். இவர் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் 1865ஆம் ஆண்டு பிறந்தவர். இருக்கை மாடங்களின் முகப்பில் எஃகுச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது போல் அமைப்பது இவர் கைத்திறனுக்கு அடையாளமாக விளங்கியது. மாடத்தின் மேல் தளத்தில் இருக்கைகள் இருக்கும். கீழே நின்று காண்பதற்குரிய அகன்ற படிகள் இருக்கும். நின்று காண்பதற்குக் கட்டணம் குறைவு. எனவே, எளியோரும் வாரந்தோறும் வர முடிந்தது.

இத்தகைய பழைய அரங்குகளுள் புகழ்பெற்ற ஒன்று லிவர்ப்பூல் நகரத்துக் குடிசன் பார்க் ஆகும். எவர்ட்டன் கழகத்தின் தாயகமாகிய அஃது, 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் ஒரு மூலையில், இரு மாடங்களுக்கு இடையே, புனித லூக்கா தேவாலயம் நெருங்கி நிற்கின்றது. ஒருபுறம் வழிபாட்டு மன்றம்; மறுபுறம் ஆட்ட மன்றம். 1927-28ஆம் ஆண்டுப் பருவத்தில், டிக்சி டீன் என்னும் வீரர் லீக் போட்டிகளில் 60 கோல் அடித்து எவர்ட்டனுக்குப் பெருமை தேடித் தந்தார். 1948ஆம் ஆண்டு லிவர்ப்பூல் கழகத்தோடு நிகழ்ந்த ஆட்டத்தை 78,299 பேர் கண்டனர். 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் ஒன்றும் அங்கு நடைபெற்றது. முதுமையுற்ற டிக்சி டீன் 1980ஆம் ஆண்டு ஆட்டம் காண அங்கு வந்தபோது, அவ்வரங்கிலேயே உயிர் நீத்தார். அன்பர் பலர் தாம் இறந்தபின் தம் உடலின் சாம்பலை அத்திடலின் ஓரத்தில் புதைக்குமாறு வேண்டிக்கொண்டனர். அவ்வாறே நூற்றுக்கணக்கானோரின் சாம்பல் அங்குப் புதைக்கப்பட்டது. இதனினும் மேலாக ஒரு நிலத்தின்பால் மக்கள் கொள்ளும் அன்பு வேறு யாதுளது?

பழைய அரங்கைப் போற்றுவார் இவற்றையெல்லாம் எடுத்துக் காட்டுவர். "அங்கே நாங்கள் திடலுக்கு மிக அருகில் இருந்தோம், வீரர் மூச்சு வாங்குவதும் எங்கள் செவியிற் கேட்கும். எங்கள் ஆரவாரம் தாழ்ந்த கூரையில் மோதித் திடலெங்கும் முழங்கும். ஒவ்வோர் அரங்கும் தனக்கென ஒரு முகம் உடையதாக இருந்தது. இந்நாளைய அரங்குகளோ ஒரே அச்சில் வார்த்த கிண்ணங்கள் போல் உள்ளன" என்பது அவர்தம் கூற்று. இதில் உண்மையுண்டு. ஆயினும், வழக்கின் மறுபக்கத்தையும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது.

பழைய அரங்குகள் அன்பை மட்டும் வளர்த்தன அல்ல, உயிரையும் பலிகொண்டன. 1902ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்து ஐப்ராக்ஸ் அரங்கில், ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மரப்பலகைகளால் உயரமாக அமைக்கப்பெற்ற படிகள் முறிந்தன. மேலே நின்றோர் கீழே வீழ்ந்தனர். 25 பேர் மாண்டனர். அப்படிகளை வகுத்தவர் மேலே கூறிய லீட்ச் என்பவரே. பிற்காலத்தில் இத்தகைய படிகளை மண்மேட்டின்மீது உறுதியாக அமைப்பதே வழக்கமாயிற்று. ஒரு பேரிடர் கற்பித்த பாடம் அது.

ஆயினும் எல்லாரும் எல்லாப் பாடங்களையும் கற்றுக்கொள்ளவில்லை. 1985ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பிராட்போர்டு நகர அரங்கின் பழைய மர மாடத்தில் தீப்பற்றியது. பல்லாண்டுகளாகப் பலகைகளின் இடுக்கு வழியே வீழ்ந்து அடியிற் குவிந்திருந்த குப்பையில் சிறு பொறி வீழ, சில நிமிடங்களுக்குள் மாடம் முழுவதும் எரிந்தது. பின்புறத்துக் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 56 பேர் உயிரிழந்தனர். அம்மாடத்தைச் செப்பனிடுவதற்கென ஏற்பாடுகள் முன்னரே செய்யப்பட்டிருந்தன; ஆட்டப் பருவம் முடிந்ததும் வேலை தொடங்குவதாக இருந்தது. தீ விபத்து நேர்ந்ததோ அப்பருவத்தின் இறுதி ஆட்டத்தன்று! நாளை செய்வோம் என்று ஒத்திவைக்கப்பட்ட கடமை, இன்றே உயிர்களைக் கொண்டு போயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் அதனினும் பெரிய துயரம் நிகழ்ந்தது. லிவர்ப்பூல் கழகத்து அன்பர் நின்றிருந்த பகுதியில் அளவுக்கு மீறிய கூட்டம் புகவிடப்பட்டது. திடலுக்குள் எவரும் இறங்காதபடி முன்னே உயரமான இரும்பு வேலி இட்டிருந்தனர். பின்னிருந்து நெருக்குவோர் முன்னே நேர்வதை அறியார்; முன்னே நிற்போர் நகர வழியறியார். அந்நெரிசலில் உற்ற தீங்கினால் மாண்டோர் தொகை 97. அவருள் பலர் இளைஞர்; உங்களை ஒத்த வயதினரும் இருந்தனர். குற்றம் கூட்டத்தினர்மேலதே என்று தொடக்கத்தில் பழி கூறப்பட்டது. மாண்டோரின் குடும்பத்தார் மனந்தளராது நெடுங்காலம் போராடினர். இறுதியாக, 2016ஆம் ஆண்டு, அன்பர்கள்மீது குற்றமில்லை என்றும், மாண்டோர் சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும் முறைமன்றத்து நடுவர் குழு முடிவு கூறியது.

ஹில்ஸ்பரோ நிகழ்ச்சியை ஆராய நீதியரசர் டெய்லர் அமர்த்தப்பெற்றார். அவர் தம் இறுதி அறிக்கையை 1990ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளியிட்டார். பெரிய அரங்குகளில் அனைவரும் அமர்ந்தே ஆட்டம் காணவேண்டும் என்பது அவர் கூறிய முடிவுகளுள் தலையாயது. அதன் பயனாக, 1994ஆம் ஆண்டளவில் உயர்நிலைக் கழகங்களின் அரங்குகளினின்றும் நின்று காணும் படிகள் அகற்றப்பட்டன. தெருக்களின் நடுவே ஒடுங்கிக் கிடந்த பழைய அரங்குகளில் இருக்கை இட்டால் கூட்டம் குறையும், விரிவாக்கவோ இடமில்லை. ஆகவே, கழகங்கள் பல புதிய இடம் தேடிப் புறப்பட்டன. இடமாற்றத்தின் பெருங்காரணங்களுள் ஒன்று இதுவே.

புதிய அரங்குகளின் நன்மைகள் வெளிப்படையானவை. பார்வையை மறைக்கும் தூண்கள் இல்லை. வெளியேறும் வழிகள் அகன்றுள்ளன. மகளிரும் சிறுவரும் முதியோரும் அச்சமின்றி வரலாம். சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் உரிய இடமுண்டு. ஆயினும், குறைகளும் இல்லாமற் போகவில்லை. இலண்டன் நகரத்து வெஸ்ட் ஹாம் கழகம், தான் 1904 முதல் ஆடிவந்த பழைய அரங்கை விட்டு, 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிற்காகக் கட்டப்பெற்ற பேரரங்கிற்கு 2016இல் குடிபெயர்ந்தது. ஓட்டப் பந்தயத்திற்கென வகுத்த அரங்காதலால், ஆட்டத் திடல் தொலைவில் உள்ளதென அன்பர் பலர் குறை கூறினர். இஃதன்றி, கட்டணம் உயர்ந்ததே எங்கும் கேட்கும் பெருங்குறை. குறைந்த கட்டணத்தில் நின்று கண்டோர் அதே அளவு கட்டணத்தில் அமர்ந்து காண வழி செய்யலாம் என்பதே டெய்லரின் கருத்து. நடந்ததோ வேறு. உழைப்பாளர் வளர்த்த ஆட்டத்தை உழைப்பாளரே காண இயலாதாயின், அரங்கின் அழகால் ஆவதென்ன?

இனி, நீங்கிய அரங்குகளின் நினைவு எவ்வாறு போற்றப்படுகின்றது எனக் காண்போம். ஆர்சனல் கழகம் 1913 முதல் ஆடிய ஹைபரி அரங்கை 2006ஆம் ஆண்டு விட்டு நீங்கியது. அங்கே இப்போது மக்கள் குடியிருக்கின்றனர். எனினும், பழைய கிழக்கு, மேற்கு மாடங்களின் முகப்புகள் அழியாது காக்கப்பட்டுள்ளன. பந்து உருண்ட திடல் சோலையாகியுள்ளது. சண்டர்லாந்து கழகத்தின் ரோக்கர் பார்க் 1997ஆம் ஆண்டு கைவிடப்பட்டு வீடுகளாயிற்று. அங்குள்ள தெருக்கள் கோல் முகப்பு, சுழல் வாயில் முதலிய ஆட்டச் சொற்களால் பெயர் பெற்றுள்ளன. அக்கழகத்தின் புதிய அரங்கோ, 1993ஆம் ஆண்டு மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றன் நிலத்தில் எழுந்தது. அதற்கு 'ஒளி அரங்கு' எனப் பொருள்படும் பெயரிட்டு, சுரங்கத் தொழிலாளர் ஏந்திய விளக்கின் வடிவத்தை அதன்முன் நிறுத்தினர். நிலத்தடியில் இருளில் உழைத்தோரை ஒளியால் நினைவுகூர்ந்த அச்செயல் போற்றத்தக்கதன்றோ?

குடிசன் பார்க்கின் கதை யாதாயிற்று? எவர்ட்டன் கழகம் லிவர்ப்பூல் துறைமுகத்தில், 1848இல் திறக்கப்பெற்ற பழைய கப்பல் துறையொன்றை மணலால் தூர்த்து, ஏறத்தாழ 53,000 பேர் அமரும் அரங்கொன்றை எழுப்பியது. இதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. துறைமுகப் பகுதியில் எழுந்த புதிய கட்டடங்களால் அதன் பழஞ்சிறப்புக் கெட்டதென்று கருதி, யுனெஸ்கோ நிறுவனம் 2021ஆம் ஆண்டு லிவர்ப்பூலை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலினின்றும் நீக்கியது. அக்கட்டடங்களுள் இவ்வரங்கும் ஒன்று. ஆயினும் கட்டியோர் பழமையை முற்றும் மறந்தாரல்லர். லீட்ச் அமைத்த எஃகுப் பின்னலின் கோலத்தைப் புதிய அரங்கின் செங்கற் சுவரில் பொறித்து வைத்தனர். குடிசன் பார்க்கில் ஆடவர் அணியின் இறுதி ஆட்டம் 2025ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் நிகழ்ந்தது. புதிய அரங்கில் முதல் லீக் ஆட்டம் நிகழ்ந்த நாள் அவ்வாண்டு ஆகஸ்டு 24. பழைய அரங்கு திறக்கப்பெற்று 133 ஆண்டுகள் நிறைந்த நாளும் அதுவே.

இடிந்து மறையும் என எண்ணியிருந்த பழைய அரங்கு பிழைத்துக் கொண்டதுதான் வியப்பு. அதனை மகளிர் அணிக்குத் தாயகமாக்கக் கழகம் முடிவு செய்தது. டிக்சி டீன் ஆடிய திடலில் 2025ஆம் ஆண்டு முதல் எவர்ட்டன் மகளிர் ஆடி வருகின்றனர். சாம்பலாய் அங்கு உறங்குவோர் அமைதியும் கெடவில்லை. ஆட்டத்தின் ஆரவாரமும் ஓயவில்லை.

நின்று காணும் வழக்கமும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் இடையே உறுதியான தடுப்புக் கம்பிகள் அமைத்து, நெரிசலுக்கு இடமில்லாதபடி நின்று காண்பதற்கு 2022ஆம் ஆண்டு முதல் மீண்டும் இசைவு தரப்பட்டுள்ளது. பழைய இன்பத்தைப் புதிய காவலோடு சேர்த்தமைத்த முயற்சி இது.

இவற்றால் நாம் பெறும் தெளிவு யாது? பழமை என்பதனாலேயே ஒன்று காக்கத்தக்கதாகாது. புதுமை என்பதனாலேயே ஒன்று கொள்ளத்தக்கதும் ஆகாது. மக்கள் கூடும் இடத்திற்கு முதற்கண் வேண்டுவது உயிர்க்காவல். வீட்டினின்றும் ஆட்டம் காணச் சென்றவர் மாலையில் வீடு திரும்ப வேண்டும். இதனினும் பெரிய நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. அடுத்து வேண்டுவது எளியோர்க்கும் இடமளித்தல். மூன்றாவது, முன்னோர் நினைவைப் பேணுதல். இம்மூன்றும் பொருந்தியதே நல்லரங்கு. அது பழையதாயினும் ஆகுக, புதியதாயினும் ஆகுக.

மாணவர்களே! நும் ஊரிலும் பள்ளியிலும் பழைய கட்டடங்கள் நீங்கிப் புதியன எழுவதை நீவிர் காண்பீர்கள். அப்பொழுது, பழையதைக் கண்மூடிப் போற்றவும் வேண்டா. கண்மூடித் தூற்றவும் வேண்டா. அதில் வாழ்ந்தோர் யாவர், அதனால் நன்மையும் தீங்கும் உற்றோர் யாவர் என வினவி அறியுங்கள். அறிந்தபின் கூறும் தீர்ப்பே நேரிய தீர்ப்பாகும்.